வியாசர்பாடி அண்ணாச்சி கடையில் ஒரு எண்ணெய்த் தகராறு

வியாசர்பாடியில் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இருக்கும் மளிகைக் கடையின் கணக்கு இது. அந்தக் கடைக்கும் அக்கம்பக்கத்தில் இன்னும் சில கடைகளுக்கும் ஜிஎஸ்டி கணக்கு எழுதுவது என் வேலை. கொள்முதல் பில்கள் என்னிடம்தான் இருக்கின்றன. கடன் நோட்டையும் புரட்டிப் பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர், தெருவுக்கே அண்ணாச்சி. தகராறு செய்தவர் அவருடைய பழைய வாடிக்கைக்காரர், ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா. கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். மாசச் சாமான் நோட்டில் எழுதி வாங்குவார், சம்பளம் வந்ததும் தீர்ப்பார்.

தகராறு ஒரு மாதக் கடைசியில் நடந்தது. கடையில் நாலைந்து பேர் நிற்கும்போதே அக்கா ஆரம்பித்துவிட்டார். "மாசா மாசம் அதே லிஸ்ட்டு தான் அண்ணாச்சி எழுதறேன். அப்போல்லாம் முப்பதாந்தேதி வரைக்கும் வந்துது. இப்போ இருபத்தஞ்சுக்கே எண்ணெ காலி, டீத்தூள் காலி. பாக்கெட்ல இன்னா பண்றீங்கோ?"

எடையில் கை வைக்கிறார் என்று நாலு பேர் முன்னால் கேட்டால் எந்தக் கடைக்காரருக்கும் முகம் சுண்டிப்போகும். அண்ணாச்சி பதிலே பேசாமல் அலமாரியிலிருந்து அதே எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்துத் தராசில் வைத்தார். 800 கிராமுக்குக் கீழே காட்டியது. ஒரு லிட்டர் எண்ணெய் சாதாரணமாக 910 கிராம் அளவில் நிற்கும் என்பது கடை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தில் ஒருவர் "பார்த்தியா!" என்று குரல் கொடுத்தார். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். 850 மில்லி என்று அச்சிட்டிருந்தது. 850 மில்லி எண்ணெய் எவ்வளவு எடை இருக்க வேண்டுமோ, அவ்வளவு சரியாக இருந்தது.

ஆக, எடையில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் அக்கா சொன்னதும் பொய்யில்லை. அவருடைய பட்டியலில் எப்போதும் "எண்ணெய் 5" என்றுதான் இருக்கும். ஐந்து லிட்டரா, ஐந்து பாக்கெட்டா என்று பிரித்து எழுத வேண்டிய தேவையே முன்பு இல்லை, இரண்டும் ஒன்றாகவே இருந்தது. ஐந்து லிட்டர் முப்பது நாளுக்கு வந்த வீட்டில், ஐந்து பாக்கெட் என்பது 4.25 லிட்டர் ஆனால் இருபத்தைந்தரை நாளில் தீரும். இருபத்தைந்தாம் தேதி என்று அவர் சொன்னது கோபத்தில் அடித்துவிட்ட தேதி இல்லை. வகுத்துப் பார்த்தால் அதே விடைதான் வருகிறது. அவருடைய சமையலறை அளவு அத்தனை துல்லியம்.

இந்த 850 மில்லி கடைக்குள் எப்போது நுழைந்தது என்று பழைய பில்களைத் தேடினேன். 2024 கடைசியில்தான் மாறியிருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அதுவரை பூஜ்யமாக இருந்த அடிப்படை இறக்குமதி வரி 20 சதவீதமானது. மற்ற தீர்வைகளையும் சேர்த்தால் 5.5லிருந்து 27.5 சதவீதம். நாம் சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதனால் அடுத்த லோடிலேயே விலை ஏறிவிட்டது. ஏஜென்சிக்காரர் அண்ணாச்சியிடம் இரண்டு சரக்கைக் காட்டியிருக்கிறார்: ஏறிய விலையில் முழு லிட்டர், அல்லது கிட்டத்தட்ட பழைய விலையிலேயே 850. அண்ணாச்சி இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். காரணம் கேட்டேன். "பாக்கெட்டுக்கு இருபது ரூவா கூடுச்சுன்னா இந்தத் தெருவுல எனக்குத்தான் ஏச்சு விழும் தம்பி. பாக்கெட் சின்னதானா கம்பெனிக்காரனுக்கு விழும்னு நெனச்சேன்."

அதுவும் கடைசியில் அவருக்கேதான் விழுந்தது. இந்த இடத்தில் எனக்கு அண்ணாச்சி மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. நோட்டில் எழுதி வாங்கும் வாடிக்கைக்காரரிடம் "இது லிட்டர் இல்லம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல நேரமா ஆகிவிடும்? அவர் ஏமாற்றவில்லை. சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான். ஆனால் கடன் நோட்டு என்பதே நம்பிக்கையில் ஓடுகிற விஷயம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? முன்பு எண்ணெயை இஷ்டத்துக்கு அடைத்து விற்க முடியாது. 2011 பொட்டலப் பொருள் விதிகளில் ஒரு அட்டவணை இருந்தது. பிஸ்கட், ரொட்டி, டீத்தூள், காபி, சமையல் எண்ணெய், உப்பு, சோப்பு, மாவு வகைகள் என்று 19 பொருள்களுக்கு இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று அது வரையறுத்தது. 200, 500, ஒரு லிட்டர் என்று எண்ணெய்ப் பாக்கெட்டுகள் வரிசையாக நின்றது அதனால்தான். 2021 நவம்பரில் அறிவித்த திருத்தம் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக அலகு விலையை அச்சிட வேண்டும் என்றது. ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட் என்றால் கிராமுக்கு எவ்வளவு, அதற்கு மேல் என்றால் கிலோவுக்கு எவ்வளவு, திரவம் என்றால் மில்லிக்கும் லிட்டருக்கும் அதே மாதிரி. அமலாகும் தேதி தள்ளித் தள்ளிப் போய், ஒருவழியாக நடைமுறைக்கு வந்தது.

காகிதத்தில் நல்ல யோசனைதான். எந்த அளவில் வேண்டுமானாலும் அடைத்துக்கொள், மில்லிக்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லிவிடு, வாங்குகிறவர் ஒப்பிட்டுக்கொள்வார். வியாசர்பாடிக் கடையில் சாயங்காலம் ஆறரை மணிக்கு யார் ஒப்பிடுவது? வேலை முடிந்து வந்தவர்கள் கவுன்ட்டருக்கு வெளியே நிற்கிறார்கள், சரக்கு உள்ளே இருக்கிறது. பெயரைச் சொல்லிக் கேட்டால் அண்ணாச்சி எடுத்துப் பைக்குள் போட்டுவிடுகிறார். பாக்கெட் கைக்கு வரும்போது வியாபாரம் முடிந்துவிட்டது. அலமாரியில் நாலு பிராண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பிப் பார்க்கும் வசதி பெரிய சூப்பர் மார்க்கெட்டில் இருக்கலாம். அங்கேயும் அந்த எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. எண்ணெய் சூடானால் விரியும். அடைக்கும்போது இருந்த வெப்பநிலையைக் குறிப்பிட்டு "ஒரு லிட்டர்" என்று அச்சிட்டுவிட்டால், எடையில் குறைத்துக்கொள்ளலாம். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம் இருந்தால், 60 டிகிரியில் 893 கிராம்கூட இராது. வெப்பநிலையைப் போடாமல், எடையையும் சேர்த்துச் சரியாக அச்சிடுங்கள் என்று 2022இல் மத்திய அரசு எண்ணெய் கம்பெனிகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. லிட்டர்க் கணக்கை விட்டுக் கிராமைப் பார்த்து எண்ணெய் வாங்குவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஐந்து ரூபாய்ச் சரங்கள்

எண்ணெயில் நடந்ததாவது கண்ணுக்குத் தெரிந்தது. அதைவிட நாள்பட நடப்பது கடை வாசலில் தொங்கும் சரங்களில். சிப்ஸ், மிக்சர், குழல் அப்பளம், மசாலாக் கடலை எல்லாம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய். இவை அந்த 19 பொருள் பட்டியலில் எப்போதுமே இருந்ததில்லை. இவற்றின் எடை முன்பும் சுதந்திரம், இப்போதும் சுதந்திரம்.

ஏஜென்சி பில்லைப் பார்த்தால் விஷயம் புரியும். அரிசி, பருப்பு வரிகளில் எடை இருக்கும். ஸ்நாக்ஸ் வரிகளில் பொருளின் பெயரோடு ஒட்டிக்கொண்டு 5ரூ, 10ரூ என்றுதான் இருக்கும். எத்தனை கிராம் என்று பல பில்களில் கிடையவே கிடையாது. இந்தத் தொழிலில் சரக்கின் அடையாளமே நாணயம்தான். பிள்ளை கையில் ஐந்து ரூபாய்க் காசு கொடுத்து அனுப்புகிறோம். ஆறு ரூபாய் ஆக்கினால் அந்தப் பிள்ளை பக்கத்துச் சரத்துக்குப் போய்விடும். அதனால் விலையை ஆணி அடித்து வைத்துவிட்டு, கிராமேஜை மட்டும் ஏற்றி இறக்குகிறார்கள். பெரும்பாலும் இறக்குகிறார்கள்.

இந்தச் சின்னப் பாக்கெட் கலாசாரத்துக்கு நம்ம ஊரில் ஒரு பெருமையான தொடக்கமும் உண்டு. பாட்டில் ஷாம்பூ வாங்க வழியில்லாதவர்களுக்காக அதைச் சின்ன உறையில் அடைக்கலாம் என்று யோசித்தவர்களில் முக்கியமானவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியாகத் தொடங்கிய தொழிலில், சிக் ஷாம்பூவை ஐம்பது காசுக்கு விற்று ஊரெல்லாம் கொண்டுபோனார். அந்த யோசனையில் நியாயம் இருந்தது: கூலி நாளுக்கு நாள் வருகிறது, செலவும் நாளுக்கு நாள்தான். பிற்பாடு வந்த எல்லாரும் அந்த நாணய விலையைப் பிடித்துக்கொண்டார்கள். கீழே இருந்த காசுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. 25 காசு 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 காசு சட்டப்படி இன்றும் செல்லும், எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் நீட்டிப் பாருங்கள். இப்போது தரையாக நிற்பது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய். ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியாதவர்கள் பாக்கெட்டுக்குள்ளே இறங்குகிறார்கள்.

அக்காவின் பிள்ளைகள் வாங்கும் ஒரு சிப்ஸ் பாக்கெட் 22 கிராமிலிருந்து 18 ஆகியிருந்தது. நாலே நாலு கிராம். 22இல் நாலு என்றால் எடை 18 சதவீதம் குறைவு. விலை எத்தனை சதவீதம் ஏறியது? அதுவும் 18 என்றுதான் பலரும் சொல்வார்கள். கணக்கு அப்படி வராது. கிலோ 227 ரூபாயாக இருந்தது 278 ஆகியிருக்கிறது, 22 சதவீத ஏற்றம். எடை குறைய குறைய இந்த இடைவெளி இன்னும் விரியும்; பாக்கெட் பாதியானால் எடைக் குறைவு 50 சதவீதம், விலை ஏற்றம் 100.

இதில் பிழைக்கென்று ஒரு சலுகையும் விதியில் இருக்கிறது. 50 கிராம் வரையிலான பாக்கெட்டுகளில் அச்சிட்டதைவிட 9 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம். 18 கிராம் பாக்கெட்டில் ஒன்றரை கிராம் குறைந்தாலும் தனிப் பாக்கெட் ஒன்றை வைத்துக்கொண்டு யாரையும் எதுவும் கேட்க முடியாது. இப்படித்தான் என்று அண்ணாச்சி கடைச் சரங்களைப் பற்றி நான் சொல்லவில்லை. நாங்கள் தராசில் வைத்தவை அச்சிட்ட எடைக்குச் சரியாகவே இருந்தன. காற்றடைத்த உறை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. சிப்ஸ் நொறுங்காமல் இருக்கவும், எண்ணெய்ச் சிக்கு வாடை வராமல் இருக்கவும் நைட்ரஜன் அடைப்பது அவசியம்தான். சிப்ஸ் இளைக்கும்போது உறையும் ஏன் இளைக்கவில்லை என்பதற்கு நைட்ரஜன் பதில் சொல்லாது.

ஏழைகள் சின்னப் பாக்கெட் வாங்கியே அதிகம் இழக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்வது உண்டு. இந்தக் கடையில் அது பாதிதான் உண்மை. ஷாம்பூவில் சாஷே, பாட்டிலைவிட மில்லிக்கு மலிவு. தமிழ்நாட்டில் பாதி வீடுகளுக்கு இது தெரியும், பாட்டில் வாங்கக் கூடியவர்களும் சாஷே சரம்தான் தொங்கவிடுகிறார்கள். சிப்ஸிலும் ஐந்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் கிராம் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இழப்பு எங்கே என்றால், அது எந்த நோட்டிலும் ஏறாததில். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தினம் பத்து ரூபாய், மாதம் முன்னூறு. இந்த முன்னூறு கடன் நோட்டில் கிடையாது, டப்பாவில் போட்டு வைத்த சில்லறையிலிருந்து போகிறது. போன வருஷமும் முன்னூறு, இந்த வருஷமும் முன்னூறு. அக்காவைக் கேட்டால் "தீனிச் செலவு ஏறல" என்றார். தன் அளவில் அவர் சொன்னது சரிதான்.

இந்தக் கணக்கில் அண்ணாச்சிக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. பெரிய கம்பெனிச் சரக்கில் அவருக்குக் கிடைப்பது நூற்றுக்கு எட்டோ பத்தோ. உள்ளே 22 கிராம் இருந்தாலும் 18 இருந்தாலும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டில் அதே அரை ரூபாய். ஏச்சு மட்டும் கூடுதல்.

ஆனால் அவரையும் முழுசாக விட்டுவிட முடியாது. கடையில் கண்ணாடி ஜாடியில் மிக்சர் இருக்கிறது. கொடுங்கையூரில் அடுப்பு போட்டிருக்கும் ஒருவர் கொண்டுவந்து போடுகிறார். அதை அண்ணாச்சியே பொட்டலம் கட்டிப் பத்து ரூபாய்க்கு விற்கிறார். "உங்க பொட்டலம் எவ்வளவு?" என்று கேட்டதும் சிரித்துவிட்டார். முன்பு ஐம்பது கிராம் போட்டது இப்போது நாற்பதுக்கு வந்திருந்தது. "எண்ணெ, கடலமாவு, கேஸு, எல்லாம் ஏறிட்டு. நான் மட்டும் பதினோரு ரூவாய்க்கு விக்க முடியுமா?" கம்பெனி பேசுவதும் இதே பேச்சுதான். கம்பெனிக்கு விளம்பரம் இருக்கிறது, இவருக்கு முகம் இருக்கிறது. அந்த ஒன்றுதான் வித்தியாசம். எண்ணெய் விலை 2022இலும் இதே வேலையைச் செய்தது. உக்ரைன் போரில் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டது, அந்த ஏப்ரல் 28இல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையும் நிறுத்தியது. மே 23இல் மறுபடி திறந்தார்கள். அப்போது இளைத்த பொட்டலம் பிறகு பழைய எடைக்குத் திரும்பவே இல்லை என்று அண்ணாச்சியே ஒப்புக்கொள்கிறார்.

எடை கூடிய கதைகளும் உண்டு

எப்போதும் குறைகிறது என்று சொன்னால் நியாயமில்லை. இதே கடையில் ஒரு மூட்டை வளர்ந்தது. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேல் போனால் வரி இல்லை. கொஞ்ச நாளிலேயே செங்குன்றத்திலிருந்து வரும் மூட்டைகள் 26 கிலோவாகிவிட்டன. ஒரு கிலோ கூட்டினால் வரி போகிறது என்றால் யார்தான் கூட்ட மாட்டார்கள்? அக்காவுக்கு ரேஷன் அரிசி இலவசம், இட்லிக்கும் மாமியார் கஞ்சிக்கும் அதுவே போதும். சாப்பாட்டுக்கு இந்த 26 கிலோ மூட்டை. அவர் பட்டியலில் "அரிசி 1 மூட்டை" என்ற வரி மட்டும் எழுதியதைவிடக் கூடுதலாகத் தந்தது.

அடுத்தது 2025 செப்டம்பர் 22. பிஸ்கட்டுக்கு 18லிருந்து 5, பாக்கெட் மிக்சருக்கு 12லிருந்து 5 என்று ஜிஎஸ்டி குறைந்த நாள். ஐந்து ரூபாய் பிஸ்கட் நாலரை ரூபாய் சுமாருக்கு வர வேண்டும். வந்தது, ரூபாயோடு காசும் சேர்த்து விலை அச்சிட்டு. அண்ணாச்சி அரை ரூபாய்க்கு எங்கே போவார்? ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு மிட்டாய் கொடுத்தார், சிலருக்கு அதுவும் இல்லை. ஜிபேயில் அனுப்பியவர்கள் மட்டும் காசு சுத்தமாகக் கொடுத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி 5 ரூபாய் அச்சும், கூடுதல் கிராமுமாகச் சரக்கு வரத் தொடங்கியது. அக்கா வீட்டுச் சிப்ஸும் 20 கிராமுக்கு வந்தது. ஆக, இளைப்பதும் ஏறுவதும் இரண்டும் நடக்கும். ஆனால் வரி குறைந்தபோது திரும்பி வந்தது, முன்பு போனதில் பாதி. இதைக் கேட்க ஒரு இடம் இருந்தது. வரி குறைந்தும் விலையைக் குறைக்காதவர்கள் மேல் ஜிஎஸ்டி சட்டத்தில் தனியாகப் புகார் கொடுக்கலாம். அந்தப் புகார்களை வாங்குவது 2025 ஏப்ரல் 1ஆம் தேதியோடு நின்றுவிட்டது, வரி குறைப்புக்கு ஐந்து மாதத்துக்கும் மேல் முன்பே.

இப்போது இருக்கிற வழி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் வரும் எடையளவு ஆய்வாளர்களும். அச்சிட்டதைவிட எடை குறைந்தால், எம்ஆர்பிக்கு மேல் வாங்கினால் அவர்கள் வருவார்கள். அக்காவின் புகார் இரண்டிலும் சேராது. 850 என்று போட்டிருந்தது, 850 இருந்தது.

பிறகு என்ன ஆனது

சத்தம் அடங்கியதும் அக்கா பட்டியல் எழுதும் முறையை மாற்றினார். "எண்ணெய் 5" போய், "எண்ணெய் 5 லிட்டர், அளவு பாத்துப் போடவும்" என்று எழுதுகிறார். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய் பாமாயிலும், கிலோ 30 ரூபாய் துவரம்பருப்பும் வருகிற மாதம் தவறாமல் வாங்கிவிடுகிறார். முன்பு பாமாயிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாராம். அந்தப் பாக்கெட்டில் மட்டும் விலையும் அளவும் ஆண்டுக்கணக்காக அசையவில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோதும் சென்னையில் 82 ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத்தான் விற்றார்கள். வட சென்னையில் ரேஷன் கடை வரிசை ஏன் குறைவதில்லை என்று கேட்பவர்கள் இந்த விலைகளைப் பார்த்தால் போதும்.

பிள்ளைகள் தீனியில் அக்கா தோற்றுவிட்டார். பாக்கெட்டுக்குப் பதிலாகப் பட்டாணிச் சுண்டல் அவித்துக் கொடுத்துப் பார்த்தார். பெரியவன் சாப்பிட்டான். சின்னவளுக்கு ஸ்கூல் வாசலில் எல்லாரும் பிரிக்கும் அதே பளபள உறைதான் வேண்டும். உள்ளே எத்தனை கிராம் என்பது அவள் கவலையில்லை.

அண்ணாச்சி முழு லிட்டர் எண்ணெயையும் மறுபடி வாங்கி வைக்கிறார். 2025 மே கடைசியில் கச்சா எண்ணெய்களின் அடிப்படை வரி பத்து சதவீதமாகக் குறைந்தபின் அந்த விலையும் கொஞ்சம் கைக்கு அடக்கமாக வந்திருந்தது. 850 மில்லியை நிறுத்தவில்லை. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அன்றன்றைக்கு வாங்குகிறவர்களுக்கு அதுதான் தோது. என் தொணதொணப்பு தாங்காமல், அலமாரி ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டுக்கும் லிட்டர் விலை எழுதி ஒட்டினார். ஏஜென்சிப் பையன் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, சரக்கு நகராது" என்றான். இதுவரை இரண்டும் நகர்கின்றன.

டீத்தூள் தகராறு மட்டும் தீரவில்லை. கால் கிலோ என்று நினைத்து வாங்கிய பாக்கெட்டில் 225 கிராம்தான் அச்சிட்டிருக்கிறது. அக்கா பிராண்டை மாற்றத் தயார், மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் ஐந்து ரூபாய் டீத்தூள் பாக்கெட்டுகளை வாங்கி ஒப்பேற்றுகிறார்கள். அதைக் கடன் நோட்டில் எழுதுவதா, சில்லறையில் கொடுப்பதா என்று அண்ணாச்சிக்கும் அவருக்கும் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.